ஏல விலையும் நாட்சம்பளமும்

இணையவழி ஏலங்களுக்குச் சட்டக் கட்டுப்பாடு வேண்டுமா என்று வாதிடுவோர் பெரும்பாலும் பழைய கைக்கடிகாரத்தையும் கைப்பேசியையும் மனத்திற்கொண்டே பேசுகிறார்கள். ஏமாறும் வாங்குநர், பணம் பெற்றும் பொருளை அனுப்பாத விற்பனையாளர் என்ற எல்லைக்குள் அவ்விவாதம் முடிந்துவிடுகிறது. நுவரெலியாவிலும் ஹட்டனிலும் வாழும் தோட்டத் தொழிலாளருக்கு இக்கேள்வி வேறொரு வடிவில் வருகிறது. அவர்கள் பறிக்கும் கொழுந்திலிருந்து வரும் தேயிலைக்கு விலை வைப்பது ஏலம். அந்த ஏலத்தில் அவர்கள் வாங்குநரும் அல்லர், விற்பனையாளரும் அல்லர்.

கொழும்புத் தேயிலை ஏலம் 1883 ஜூலை 30 அன்று தொடங்கியது. தரகர் கூற, வணிகர் குரல் கொடுக்க, சுத்தியல் விழுவது என்பது நூற்றாண்டுக்கு மேற்பட்ட வழக்கம். 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தபோது மண்டபம் மூடப்பட்டது. ஏப்ரலில் ஏலம் கணினித் திரைக்கு இடம்பெயர்ந்தது. கடல்கடந்த நீலகிரியில் இது முன்பே நிகழ்ந்த ஒன்று. குன்னூரில் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகளுக்கான மின்னணு ஏல மையம் 2003இலேயே ஏற்பட்டுவிட்டது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பிய மலையகத் தமிழர் பலர் வேலை செய்வதும் அந்த மலைகளில்தான்.

கொழும்பு ஏலத்தில் ஒழுங்குவிதி இல்லை என்று சொல்ல முடியாது. தரகர்கள் ஒவ்வொரு தொகுதியையும் பட்டியலிட வேண்டும். மாதிரிகளை முன்கூட்டியே வழங்க வேண்டும். வாங்கியவர் குறித்த நாளுக்குள் பணம் செலுத்த வேண்டும். தேயிலைச் சபையின் மேற்பார்வையும் உண்டு. ஆனால் இவ்விதிகள் அனைத்தும் விற்பவரையும் வாங்குபவரையும் ஒருவரிடமிருந்து ஒருவர் காப்பதற்காக எழுதப்பட்டவை. பறிப்பவரைப் பற்றி அவற்றில் ஒரு வரியும் இல்லை.

பத்திரிகை அலுவலகத்தில் பல ஆண்டுகள் நான் கவனித்த ஒன்றுண்டு. ஏல விலை வர்த்தகப் பக்கத்துக்குப் போகும்; தோட்டச் சம்பளப் போராட்டம் மலையகச் செய்திக்குப் போகும். இரண்டும் ஒரே செய்தி என்பதைப் பக்க அமைப்பே மறைத்துவிடும்.

இரண்டையும் இணைக்கும் மெல்லிய நூல் ஒன்று முன்பு இருந்தது. கூட்டு ஒப்பந்தத்தில் 'விலைப்பங்கு' என்றொரு கொடுப்பனவு இடம்பெற்றது. 2016இல் அது நாளொன்றுக்கு 30 ரூபாய். 2019இல் 50 ரூபாய். தொகை அற்பம். எனினும் ஏல விலையில் தொழிலாளிக்கும் பங்குண்டு என்ற கொள்கையை அது ஏற்றுக்கொண்டது. 2021 மார்ச்சில் சம்பளச் சபையின் மூலம் 900 ரூபாய் அடிப்படைச் சம்பளமும் 100 ரூபாய் படியுமாக 1,000 ரூபாய் வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. நெடுநாள் கோரிக்கை நிறைவேறியது. விலைப்பங்கு என்ற சொல் காணாமற்போனது.

அடுத்த ஆண்டே அதன் விலை தெரிந்தது. ரூபாய் வீழ்ந்ததால், 2021இல் கிலோவுக்கு ஏறத்தாழ 620 ரூபாயாக இருந்த ஏலச் சராசரி 2022இல் 1,200 ரூபாயைத் தாண்டியது. ஒரு கிலோ தேயிலைக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். ஒருத்தி நாளில் 18 கிலோ பறித்தால் 4 கிலோ தேயிலை. அதன் ஏல மதிப்பு 2021இல் சுமார் 2,500 ரூபாய். 2022இல் 4,800 ரூபாய்க்கு மேல். அவளுடைய நாட்சம்பளம் இரண்டு ஆண்டுகளிலும் அதே 1,000 ரூபாய். அரிசியும் மாவும் விலையேறிய காலம் அது. 2024 செப்டெம்பரில்தான் சம்பளம் 1,350 ஆயிற்று.

கம்பனிகளின் மறுமொழியையும் சொல்ல வேண்டும். உரம், எரிபொருள், மின்சாரம் யாவும் அக்காலத்தில் ஏறின. இரசாயன உரத் தடையின் விளைவாக நாட்டின் உற்பத்தி 2021இன் சுமார் 30 கோடி கிலோவிலிருந்து 2022இல் சுமார் 25 கோடியாகக் குறைந்தது. ஆகவே உயர்ந்த விலை முழுவதும் இலாபமன்று. உண்மைதான். அப்படியானால் எவ்வளவு இலாபம், எவ்வளவு செலவு என்பதைத் தொழிலாளர் பார்க்கத் தரலாமே?

இதற்கு முன்மாதிரி தேடி வெளியே போக வேண்டியதில்லை. சிறு தேயிலைத் தோட்ட உரிமையாளருக்குக் கொழுந்தின் விலை ஏலச் சராசரியை வைத்தே கணிக்கப்படுகிறது. அதில் 68 வீதம் அவருக்கு, 32 வீதம் தொழிற்சாலைக்கு. சொந்த நிலத்தில் பறிப்பவருக்கு ஏலத்தில் பங்குண்டு. கம்பனி நிலத்தில் பறிப்பவருக்கு இல்லை. இதற்கு என்ன நியாயம்?

விலை விழுந்தால் சம்பளமும் விழாதா என்று கேட்கலாம். அடிப்படைச் சம்பளத்தைச் சட்டம் தாங்கட்டும். விலைப்பங்கு அதற்கு மேலாக அமையட்டும். 2025 நவம்பரின் வரவுசெலவுத் திட்டம் 1,550 ரூபாய் சம்பளத்தையும், வேலைக்கு வரும் நாளுக்கு அரசின் 200 ரூபாயையும் அறிவித்தது. வரவேற்கத்தக்கதே. ஆனால் அந்த 200 ரூபாய் திறைசேரியிலிருந்து வருவது, ஏலத்திலிருந்து அன்று.

ஏலம் திரைக்கு வந்தபின் ஒவ்வொரு தொகுதியின் விலையும் கணினியில் பதிவாகிறது. அதை வாரந்தோறும் தோட்டவாரியாகத் தமிழிலும் சிங்களத்திலும் கொழுந்து மடுவத்தில் ஒட்டுவதற்குப் பெருஞ்செலவு ஆகாது. இணையவழி ஏலத்துக்குக் கட்டுப்பாடு வேண்டுமா என்று கேட்டால், வேண்டும் என்பேன். அதன் முதல் விதி இந்த அறிவிப்பாக இருக்கட்டும்; இரண்டாவது, சட்டத்தில் எழுதப்பட்ட விலைப்பங்கு.