அடிப்பாரம்

பாய்க்கப்பலின் அடியிற் கல்லடுக்குவது வீண்சுமையன்று. காற்றுச் சாய்க்கும்போது கப்பலை நிமிர்த்துவது அதுவே. மிகுந்தால் வேகம் குன்றும். ஆட்டம் வெடுக்கென்றிருந்து பயணியை வருத்தும். குறைந்தால் கப்பலே கவிழும்.

1628இல் சுவீடன் மன்னரின் ‘வாசா’ 64 பீரங்கிகளுடன் ஸ்டொக்ஹோமிற் புறப்பட்டது. மேற்பாரம் மிகுதி, ஏறத்தாழ 120 தொன் கல்லும் போதவில்லை. முன்னரே முப்பது மாலுமிகளைத் தளத்தின் குறுக்கே ஓடவிட்டுச் சோதித்தனர். ஆடிய ஆட்டங்கண்டு சோதனையை நிறுத்தினர், பயணத்தை நிறுத்தினாரல்லர். மன்னரோ அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். முதற்பயணத்தில், ஒன்றரைக் கிலோமீற்றர் செல்லுமுன்பே அது மூழ்கியது.

இதனைக் கற்பித்தபோது, “தெரிந்தவர்கள் ஏன் சேர் சொல்லவில்லை?” என்றான் ஒரு மாணவன். நாம் விடை கூறவில்லை. வகுப்பறைச் சுவரின் வெடிப்பை அறிந்திருந்தும், வந்த அதிகாரியின் முன் சென்ற வாரம் வாய்மூடி நின்றவர் நாமே.

அன்றிரவே முறையீட்டை எழுதினோம். அச்சுவரின் கீழ் அமர்ந்திருப்பவர் அதிகாரியல்லர், வினவிய அம்மாணவனே.