கரண்டி முதுகில் ஐந்து முத்திரை

ஆயாவின் டிரங்குப் பெட்டியில் கிடைத்தது அந்தத் தேக்கரண்டி. பட்டணத்தில் ஒரு துரை வீட்டில் பட்லராக இருந்த கொள்ளுத்தாத்தாவுக்குக் கொடுத்தது என்பார்கள்; கொடுத்ததா, எடுத்ததா என்று எங்கள் வீட்டில் யாரும் கிளறியதில்லை. அப்போது எங்கள் ஊர் சத்தியவேடு செங்கல்பட்டு ஜில்லா. 1960 ஏப்ரலில்தான் ஆந்திராவோடு போனோம்.

காம்பின் பின்பக்கம் ஐந்து முத்திரை. புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்ததில் பாதி மழுங்கல். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். நடக்கிற சிங்கம், ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி. சிறுத்தைத் தலை, லண்டன். விக்டோரியா ராணி தலை, வரி கட்டியாகிவிட்டது. அந்த வரியே 1890-ல் போய்விட்டது. அடுத்து ‘சி’ என்ற எழுத்து. அந்தக் காலத்தில் லண்டனில் வருஷத்துக்கு ஓர் எழுத்து, இருபது எழுத்தில் ஒரு சுற்று. எழுத்தின் சாயலைக் கவனிக்காவிட்டால் இருபது வருஷம் தவறிவிடும். இந்தச் சுற்று 1876-ல் ‘ஏ’யில் தொடங்கியது. அப்படியானால் 1878.

ஐந்தாவதுதான் நான் தேடியது: ‘ஜி.ஏ.’. ஜார்ஜ் ஆடம்ஸ். கரண்டிக்கும் முள்கரண்டிக்கும் பேர்போன சானர் பட்டறைக்காரர். புருஷன் போனபின் பட்டறையைக் கட்டிக்காத்த மேரி சானரின் மாப்பிள்ளை. மாமியார் பட்டறையில் மாப்பிள்ளை முத்திரை! ஆளைப் பிடித்துவிட்டேன் என்று துள்ளினேன்.

கடைத்தெரு ஆசாரியிடம் காட்டினேன். உரைகல்லில் தேய்க்கவில்லை, குழிவின் ஓரத்தை நகத்தால் தடவினார்.

“முதலாளி எங்க தம்பி அரம் புடிப்பான்? இதை ராவினவன் வேற ஆளு.”

அவர் சொன்னது சரி. அந்த எழுத்து, வெள்ளிக்குப் பொறுப்பேற்றவரின் எழுத்து. உட்கார்ந்து அடித்தவனுடையது அல்ல. மவுண்ட் ரோட்டில் பி. ஆர் அண்ட் சன்ஸ் விற்ற சாமி உருவ வெள்ளிச் சாமான்களிலும் கம்பெனி பெயர்தான் இருக்கும், செதுக்கிய ஆசாரி பெயர் இருக்காது. லண்டனானாலும் சென்னையானாலும் கூலிக்காரன் கதை ஒன்றுதான்.

“நுனியைப் பாத்தியா?” என்றார் ஆசாரி.

இடப்பக்கம் மட்டும் சாய்வாகத் தேய்ந்திருந்தது. வலக்கைக்காரர் வருஷக்கணக்காகச் சுரண்டிய தேய்மானம். ஆயா பால்சட்டியின் அடியில் ஒட்டிய ஏட்டை இதால்தான் வழித்து என் வாயில் வைப்பாள்.

“உருக்கி அரைஞாண் கொடி பண்ணிடலாமா?” என்றார்.

வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.