சாலியபுரவுக்குப் போறவங்க கவனத்துக்கு



இந்த ஞாயிறு சாலியபுரவில் கஜபா சுப்பர் குரோஸ். நாச்சியாதீவில் வேறு பேச்சே இல்லை. இரண்டு வேன் பேசியாச்சு, ஸுபஹ் தொழுததும் வெளிக்கிடுவோம். கணக்குப் பாடத்தில் வாய் திறக்காத பிள்ளைகள்கூட, 250 சீசீ ஓட்டத்தை யார் வெல்லுவார் என்று எங்களைக் கேட்கிறாங்க!

எங்களுக்கும் ஆசைதான். பவுசர் தண்ணி அடிச்சிட்டுப் போன மண்ணில், முதல் வளைவுக்கு எல்லா மோட்டார் சைக்கிளும் ஒன்றாகப் பாயும் அந்த நேரம் டீவியில் கிடைக்காது.

ஆனால் எங்கே நிற்கிறது என்பதை வீட்டிலேயே பேசி முடிப்போம். 2024 ஏப்ரல் 21, தியத்தலாவை நரியாகந்த. ஐந்து வருஷம் காத்திருந்து சந்தோஷமாகப் போன சனம். ஒரு கார் புரண்டது. வேகத்தைக் குறைக்கச் சொல்லி மஞ்சள் சமிக்ஞை காட்டினார்கள். அதற்குள் இன்னொரு கார் தடம் விலகி ஆட்களுக்குள் பாய்ந்தது. 7 பேர் உயிரிழந்தார்கள். அதில் ஒரு பெண் பிள்ளைக்கு 8 வயது. ஓட்டத்தை நடத்த நின்ற உதவியாளர்களும் போனார்கள்.

வளைவின் வெளிப்பக்கம்தான் வீடியோ எடுக்க வசதி என்று எங்கட இளந்தாரிகள் சொல்றாங்க. கட்டுப்பாடு இழந்த வண்டி வருவதும் அந்தப் பக்கம்தான், தம்பிமாரே. தடுப்புக்குப் பின்னால், தள்ளி, கொஞ்சம் உயரமான இடமாகப் பார்ப்போம். தூசியும் குறைவு, ஓட்டமும் கூடத் தெரியும். சின்னப் பிள்ளைகளின் கையை விடவே வேண்டாம்.

இரண்டாவது வேனில் மூன்று சீட் மிச்சம். காதுக்குப் பஞ்சு எடுத்து வாங்க. சோத்துப் பார்சல் ளுஹருக்கு முதல் வந்திடும், இன்ஷா அல்லாஹ்.