சத்தம் போட்டது கிரைண்டர்தான்

போன மாதம் மின்கட்டணம் 18 வெள்ளி கூடி வந்தது. பில்லைப் பார்த்ததும் என் கண் நேராகப் போனது அடுப்படி மூலையில் இருக்கும் அம்மாவின் கிரைண்டர் மீதுதான்.

வாரத்துக்கு இரண்டு தடவை அது ஓடும். ஓடினால் எங்கள் நாலறை வீட்டில் டிவி கேட்காது. வானொலியில் வேலை பார்ப்பவளுக்குக் காதுதான் எல்லாம். இவ்வளவு சத்தம் போடுவது எவ்வளவு கரண்டு இழுக்கும் என்று காதாலேயே கணக்குப் போட்டுவிட்டேன்.

“ஏம்மா, கீழ்க் கடையிலேயே மாவு விக்குது. இதுக்குப் போய் இவ்வளவு கரண்டு செலவு பண்ணணுமா?”

பில்லைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டேன். அதுதான் தப்பு. அப்பா போன பிறகு பில் என் பெயருக்கு மாறியிருந்தது. நான் கேட்டது அம்மாவுக்கு எப்படிப் பட்டிருக்கும் என்று அப்போது உறைக்கவில்லை. அவர் பதில் சொல்லவில்லை. அடுத்த வாரம் தோசை வந்தது, கடை மாவில். கிரைண்டர் மேல் ஒரு பழைய துண்டு போர்த்தியிருந்தது.

அந்தத் துண்டு என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. நிலையத்துத் தொழில்நுட்பப் பிரிவு நண்பரிடம், பிளக்கில் மாட்டிக் கரண்டை அளக்கும் சிறிய மீட்டர் ஒன்றை இரவல் வாங்கி வந்தேன். அம்மாவைக் கெஞ்சி ஒருநாள் உளுந்து போடவைத்தேன். கிரைண்டர் 150 வாட். 35 நிமிடம் ஓடி முடித்தபோது மீட்டர் காட்டியது 0.09 யூனிட். யூனிட்டுக்கு ஏறத்தாழ 30 காசு என்று வைத்தால் மூன்று காசுகூட இல்லை. மாதம் எட்டுத் தடவை அரைத்தாலும் 25 காசைத் தாண்டாது. ஒரு பாக்கெட் மாவோ மூன்று வெள்ளிக்கு மேல்!

அப்படியென்றால் 18 வெள்ளி எங்கே போனது?

மீட்டரை ஒவ்வொன்றாக மாற்றி மாட்டினேன். சாதம் வடித்த பிறகும் மின்சோற்றுப் பானையைச் சூட்டிலேயே விட்டுவைப்பது கொஞ்சம் தின்றது. பிறகு சுடுநீர்ப் பானை. மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து, நாள் முழுக்கச் சூடாகவே வைத்திருக்குமே, அதுதான். 24 மணி நேரத்தில் 1.3 யூனிட்! மாதத்துக்குக் கிட்டத்தட்ட 12 வெள்ளி.

கரண்டைத் தின்பது சத்தம் இல்லை, சூடு. மோட்டார் வேலை முடிந்ததும் நின்றுவிடுகிறது. பானையோ ஆறும் தண்ணீரை இரவும் பகலும் மீண்டும் மீண்டும் சூடாக்கிக்கொண்டே இருக்கிறது, ஒரு முனகலும் இல்லாமல்.

அந்தப் பானையை வாங்கி வந்தது நான். காலை ஆறு மணி நிகழ்ச்சிக்கு நாலு மணிக்கே எழுந்ததும் தொண்டைக்கு வெந்நீர் வேண்டும் என்று, போன மாதத் தொடக்கத்தில்தான் வாங்கினேன். மிச்சம் ஆறு வெள்ளிக்கு என் அறை ஏர்கோன் மேல்தான் சந்தேகம். அதை இன்னும் அளக்கவில்லை, தைரியம் வரவில்லை.

இப்போது இரவு கெட்டிலில் ஒரு லிட்டர் கொதிக்கவைத்துப் பிளாஸ்கில் ஊற்றிவிடுகிறேன். அதற்கும் மூன்று காசுதான் ஆகிறது. காலையில் தொண்டைக்கு அந்தச் சூடு போதும்.

கணக்கெழுதிய தாளை அம்மாவிடம் காட்டி, “தப்பு என்னோடதும்மா” என்றேன். கண்ணாடி போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தார். “மூணு காசா?” என்று கேட்டார். வேறொன்றும் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை அரிசி ஊறிக்கொண்டிருந்தது. கிரைண்டரைப் போடுவதற்கு முன் என் அறைக் கதவைச் சாத்த வந்தார், தூக்கம் கெடுமாம்.

“திறந்தே இருக்கட்டும்மா” என்றேன்.