வாத்ஸ்யாயனரின் மூன்று இரவுகள்

காமசூத்திரம் என்ற பெயரைக் கேட்டதும் நம்மவர் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். பம்பாய் நடைபாதைக் கடைகளில் அப்பெயரைத் தாங்கி விற்ற படப் புத்தகங்களை மட்டுமே கண்டவர்கள் வேறு எவ்வாறு எண்ணுவார்கள்?

மூலத்தைப் பொருளுரையுடன் படித்தபோது எனக்கு உண்டானது வியப்பே. ஏறக்குறைய கி.பி. மூன்றாம் நூற்றாண்டில் வாத்ஸ்யாயனர் இயற்றிய இந்நூல் 7 அதிகரணங்களும் 36 அத்தியாயங்களும் கொண்டது. உடற்கூட்டத்தையே பொருளாகக் கொண்டது இரண்டாம் அதிகரணம் ஒன்றுதான். இல்லாள் ஆண்டு வருவாயைக் கணக்கிட்டு அதற்கேற்பச் செலவிட வேண்டும் என்று கூட ஓரிடத்தில் வருகிறது. தோட்டத்தில் கீரையும் கடுகும் சீரகமும் விதைக்க வேண்டுமாம். (ஒற்றை அறைக் குடித்தனக்காரர் தோட்டத்துக்கு எங்கே போவது!) பிறர் மனைவியரைக் கவர்வது பற்றிய ஐந்தாம் அதிகரணத்தை, தற்காப்புக்காகவே எழுதியதாக ஆசிரியர் சமாதானம் கூறினும், நான் ஏற்பதற்கில்லை.

1883-இல் பர்ட்டனும் ஆர்பத்நாட்டும் இதன் ஆங்கில மொழிபெயர்ப்பைத் தனிச் சுற்றுக்கென்று அச்சிட்டனர். அதற்குத் துணை நின்ற பண்டிதர் பகவான்லால் இந்திரஜி பம்பாயில் வாழ்ந்தவர். ஒளித்துப் படிக்கும் நூல் என்ற வாடை அதன்மேல் படிந்ததற்கு அந்த அச்சேற்றமும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

நம் வீடுகளுக்கு வேண்டுவது மூன்றாம் அதிகரணத்தில் இருக்கிறது. மணமான முதல் மூன்று இரவுகள் தம்பதியர் பிரமசரியம் காக்க வேண்டும் என்பது கிருஹ்ய சூத்திரங்களிலும் உள்ள விதி. வாத்ஸ்யாயனர் அவ்விரவுகளுக்கு ஒரு வேலை வைக்கிறார். கணவன் தூண் போல வாளாவிருத்தல் ஆகாது. மென்மையாகப் பேசி அவளுடைய நம்பிக்கையைப் பெற வேண்டும். அவள் விடை கூறாவிடினும் சினவாமல் மீண்டும் கேட்க வேண்டும். பெண்கள் மலரின் இயல்பினர். நம்பிக்கை பிறக்குமுன் வலிந்து நெருங்கினால் அவர்கள் கூட்டத்தையே வெறுப்பவர்கள் ஆவார்கள் என்று அவர் எச்சரிக்கிறார்.

எனக்கு மணமான காலத்தில் பெண்ணுக்குக் கிடைத்த அறிவுரை, "பொறுத்துப் போ" என்பது ஒன்றே. முன்பின் பழகாத ஒருவருடன், முன்பின் அறியாத ஊருக்கு இரயிலேறியவள் என்னென்ன அஞ்சுவாள் என்று மாப்பிள்ளைக்கு எடுத்துரைப்பார் எவருமில்லை.

என் மகனுக்குத் திருமணம் நிச்சயமானதும், அந்த அத்தியாயத்தில் ஒரு தாளைச் செருகி அவனிடம் கொடுத்தேன். புத்தகத்தின் பெயரைப் பார்த்ததும் அவன் முகம் சிவந்துவிட்டது. "அம்மா, இதையா?" என்றான். "இதைத்தான்" என்றேன். திருமணமாகி நான்கு ஆண்டுகள் கடந்தன. புத்தகம் இன்னும் என் அலமாரிக்குத் திரும்பவில்லை. மருமகள் படித்துக்கொண்டிருக்கிறாளாம்.