ஒரு துளையிலிருந்து ஒரு பாட்டில்

பள்ளியில் மேப்பிள் பாகு காய்ச்சப் போகிறேன் என்றதும் சக ஆசிரியர்கள் கேட்பது ஒன்றுதான்: "பேசாமல் பண்ணைக்கே கூட்டிக்கொண்டு போய்விடலாமே?" ஒன்டாரியோவில் மார்ச் மாதம் அப்படிப்பட்ட சுற்றுலாவுக்குப் பஞ்சமில்லை. வண்டிச் சவாரி, பான்கேக், கடையில் ஒரு பாட்டில் என்று பொழுது நன்றாகவே போகும். ஆனால் துளை போடுவது முதல் பாட்டிலில் அடைப்பது வரை தங்கள் கையால் செய்த பிள்ளைகளுக்குத்தான் அந்தப் பாட்டிலின் விலை நியாயமென்று உறைக்கிறது.

மரத்தை முந்தைய இலையுதிர் காலத்திலேயே பார்த்து அடையாளக் கயிறு கட்டிவிட வேண்டும். இலை இருக்கும்போதுதான் பிள்ளைகளால் சர்க்கரை மேப்பிளைக் கண்டுகொள்ள முடியும். நெஞ்சுயரத்தில் அடிமரத்தின் குறுக்களவு 25 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் அந்த மரத்தை நான் தொடவிடுவதில்லை. துளை 5 சென்டிமீட்டர் ஆழம் இருந்தால் போதும்; சாறு தானாக வடிய வாய்ப்பக்கம் சற்றே தாழ்ந்திருக்க வேண்டும். ட்ரில்லில் சுருண்டு வரும் துருவலை உள்ளங்கையில் வாங்கிப் பார்க்கச் சொல்வேன். வெளிறிய நிறமாக இருந்தால் உயிருள்ள கட்டை. பழுப்பாக வந்தால் பழைய காயத்தில் இறங்கிவிட்டோம் என்று பொருள். மரம் துளையின் வாயை மூடிக்கொள்ளுமே தவிர, உள்ளே இருக்கும் வடு போகாது. அடுத்த ஆண்டுத் துளையைத் தள்ளித்தான் போட வேண்டும். இதைச் சொன்ன பிறகு, ஆளுக்கொரு துளை கேட்டுச் சண்டை போடும் பிள்ளைகள் கூட அடங்கிவிடுகிறார்கள்.

இரவில் உறைந்து பகலில் உருகினால்தான் சாறு ஓடும். உறையும்போது மரத்துக்குள் இருக்கும் வாயு சுருங்கி வேரிலிருந்து நீரை இழுக்கிறது. உருகும்போது அழுத்தம் ஏறி, அந்த நீர் துளை வழியே சொட்டுகிறது. விடாமல் குளிரடித்தாலும் வாளி காலி, விடாமல் வெயிலடித்தாலும் காலி. யாரும் சொல்லாமலே பிள்ளைகள் வானிலை அறிக்கை பார்க்கத் தொடங்குவது இந்த வாரங்களில்தான்.

பச்சைச் சாற்றைச் சுவைப்பவர்களின் முகம் சுருங்கிவிடும். பதநீரைப் போல நாக்கில் பட்டதும் இனிக்காது. ஏறக்குறைய வெறும் தண்ணீர். சர்க்கரை 2 சதவீதம்தான் இருக்கும். இங்கே கணக்கு வகுப்பு தொடங்குகிறது. 86-ஐச் சாற்றின் சர்க்கரைச் சதவீதத்தால் வகுத்தால், ஒரு லிட்டர் பாகுக்கு எத்தனை லிட்டர் சாறு வேண்டும் என்பது தெரியும். 2 சதவீதத்துக்கு 43 லிட்டர். மரத்துக்கு மரம் இது மாறும் என்பதால் வாளிக்கு வாளி அளந்து வகுக்கிறார்கள். வகுத்தல் பிடிக்காத பிள்ளையும் தன் மரத்துக்கென்றால் வகுக்கிறது.

அத்தனை நீரும் ஆவியாக வேண்டும் என்பதால் காய்ச்சுவதைத் திறந்த வெளியில்தான் வைத்துக்கொள்ள வேண்டும். அடுப்பருகே பெரியவர்கள் மட்டும். மணிக்கணக்கில் ஒன்றுமே நடக்காது, பிள்ளைகள் சலித்துப்போவார்கள். அந்தச் சலிப்பைப் போக்க நான் விளையாட்டு எதுவும் வைப்பதில்லை. காத்திருப்பதும் இந்த வேலையில் ஒரு பாதி.

கடைசிக் கட்டத்தை மட்டும் சிறிய பாத்திரத்தில் உள்ளே முடிக்கலாம். அன்றைக்குத் தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்கிறது என்று முதலில் அளக்கச் சொல்வேன். காற்றழுத்தத்தைப் பொறுத்து அது 100-லிருந்து சற்று விலகும், புத்தகத்தை நம்பியவர்கள் திகைப்பார்கள். அதற்கு மேல் 4 டிகிரி ஏறினால் பாகு பதம். கரண்டியைச் சாய்த்தால் சொட்டாகப் பிரியாமல் விளிம்பில் ஒன்றுகூடித் தகடாக இறங்கும். நுரை பொங்கி வந்தால் துளி வெண்ணெய் போதும், படிந்துவிடும். சூட்டோடு வடிகட்டாவிட்டால் மண் போன்ற கனிம வண்டல் பாட்டிலின் அடியில் தங்கிவிடும். இன்னும் காய்ச்சிக் கிளறினால் கட்டிச் சர்க்கரை. முதற்குடிகளான அனிஷினாபே மக்கள் சேமித்து வைக்கவும் எடுத்துச் செல்லவும் அப்படித்தான் செய்தார்கள். ஐரோப்பியக் குடியேறிகளுக்கு இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்தவர்கள் இந்த மண்ணின் முதற்குடிகள் என்பதைக் காய்ச்சும்போதே சொல்லிவிட வேண்டும்; வரலாற்று வகுப்புக்குத் தள்ளிப்போடக் கூடாது.

செய்து பார்க்க நினைக்கும் ஆசிரியர்களுக்கு ஒரே ஒரு மரம் போதும். நல்ல ஆண்டில் ஒரு துளையிலிருந்தே ஏறக்குறைய ஒரு லிட்டர் பாகு தேறும், வகுப்பில் ஆளுக்கு இரண்டு கரண்டி. தெற்கு ஒன்டாரியோவில் பிப்ரவரி கடைசியில் துளை போட்டுவிடுங்கள். மொட்டு வீங்கத் தொடங்கினால் சாற்றின் சுவை கெட்டுவிடும். அதன்பின் காய்ச்சிப் பயனில்லை.