அமிர்தி மலையடியும் வார்டு கட்டிலும்

வேலூர்க்காரர்களுக்கு அமிர்தி என்றால் ஞாயிற்றுக்கிழமை. சின்னதாய் ஒரு மிருகக்காட்சிசாலை, மழை பெய்தால் அருவி, கட்டுச்சோறு... அவ்வளவுதான். அதற்கு மேலே சவ்வாது மலையில் அரசுப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் யார் நினைவுக்கும் வருவதில்லை.

2020-ல் தமிழக அரசு, அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீதம் உள் ஒதுக்கீடு கொடுத்தது. அதில் மலைப்பிள்ளை ஒருவனுக்கு சீட்டு கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வருட அனாடமிதான் அவனுக்குக் கஷ்டம் என்று எல்லோரும் நினைப்பார்கள். அதுகூடப் பரவாயில்லை, ராத்திரி அகராதியோடு உட்கார்ந்து படித்துவிடலாம். வார்டில் அது முடியாது. பேராசிரியர் கேட்கிறார், சுற்றிலும் பத்துப் பதினைந்து பேர், பதில் ஆங்கிலத்தில் வேண்டும், உடனே வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால் நோயாளி பேசுவது தமிழ்! "நெஞ்சக் கரிக்குது, வயித்தப் பெரட்டுது" என்று பாட்டி சொன்னால் இவனுக்குச் சட்டென்று புரியும். நகரத்துக் கான்வென்ட் மாணவன் இரண்டு தடவை கேட்பான். ஆனால் கேஸ் சொல்லும்போது அவன் சரளமாய்ச் சொல்வான், இவன் இரண்டாவது வரியில் நின்றுவிடுவான். "படிக்கவே இல்லையா?" என்று ஒரு கேள்வி விழும். மருத்துவர்களே செய்யும் தப்பான டயக்னோசிஸ் இது. மொழி தடுக்கியவன், தூக்கமில்லாதவன், வீட்டில் கடன் உள்ளவன், மனம் சோர்ந்தவன், நிஜமாகவே படிக்காதவன்... வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே மௌனம். 2024-ல் தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு நடத்திய ஆய்வில், பதில் சொன்ன இளநிலை மாணவர்களில் 27.8 சதவீதம் பேர் மனநலப் பிரச்சினை இருப்பதாகத் தெரிவித்தார்கள். கிட்டத்தட்ட நாலில் ஒருவர்!

வேலூர் சி.எம்.சி.யில் ஒரு பழக்கம் உண்டு. மாணவர்களுக்கு ஆசிரியர் குடும்பம் ஒன்றை வளர்ப்புக் குடும்பமாகக் கொடுப்பார்கள். அந்தக் கல்லூரியே 1918-ல் பெண்களுக்காக ஐடா ஸ்கட்டர் தொடங்கியதுதான். "பெண்களா, டாக்டருக்கா?" என்று சந்தேகப்பட்ட காலம். ஐடா அம்மையார் தானே பாடம் நடத்தினார். 1922-ல் 14 பேர் படிப்பை முடித்து வெளியே வந்தார்கள்.

ஆசிரியர் வீட்டுச் சாப்பாடு மனசுக்குத் தெம்பு, சரி. கட்டிலருகே திணறுவதற்குக் கட்டிலருகேதான் மருந்து. அவன் நோயாளியிடம் பேசுவதை ஆசிரியரோ, ஹவுஸ் சர்ஜன் அண்ணனோ பத்து நிமிடம் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். கேட்டதை முதலில் தமிழில் சொல்லச் சொல்லட்டும், பிறகு ஆங்கிலத்தில். திட்டுவதென்றால் வார்டுக்கு வெளியே, தனியாக. அடுத்த வாரம் மறுபடி ஒரு கேஸ் அவனுக்கே கொடுக்கட்டும்.